சுவர் மச்சான்

சுவரில் பொருத்துகிற விளக்குக்கு எங்கள் அப்பாவின் ஆட்கள் வைத்திருக்கும் பெயர் மச்சான். சொல்லும்போது யாரும் சிரிப்பதில்லை. “ஹாலுக்கு நாலு மச்சான், மாடிப்படிக்கு ரெண்டு, பாத்ரூம் கண்ணாடிக்கு மேல ஒரு குட்டி மச்சான்” என்று அப்பா சொல்வார். ஆட்கள் சுவரைக் கொத்தத் தொடங்குவார்கள். வீடு கட்டுகிறவர்கள்தான் முதல் நாள் கொஞ்சம் தடுமாறுவார்கள். ஒரு வீட்டுக்காரர், “என் மச்சான் வெளியூர்ல இருக்கானே, அவன் கண்டிப்பா வேணுமா?” என்று கேட்டார். “வேணாம்னா விடுங்க, டியூப் லைட்டே போதும்” என்றார் அப்பா.

அப்பா எலக்ட்ரிகல் காண்டிராக்டர். நான் கல்லூரியில் மொழியியல் படிக்கிறேன். அதைப் படித்தால் என்ன வேலை கிடைக்கும் என்று முதல் வருஷம் அப்பா கேட்டார். இரண்டாம் வருஷம் கேட்பதை நிறுத்தினார். மூன்றாம் வருஷம் அவரே ஒரு வேலை கொடுத்தார்.

“சுவர்லைட்டுக்கு வேற ஒரு பேரு கண்டுபிடி. மச்சான்னு இனிமே எவனும் சொல்லக் கூடாது.”

காரணம் எனக்குத் தெரியும். அப்பாவுக்கு நிஜத்தில் ஒரு மச்சான் இருக்கிறார். அம்மாவின் தம்பி, என் மாமா. தொழில் தொடங்கிய நாளிலிருந்து அப்பாவும் அவரும் சேர்ந்தே வேலை செய்தார்கள். அப்பா ஏணி மேல், மாமா ஏணிக்குக் கீழ். பிறகு மாமா தனியாக ஒரு கடை போட்டார். அதில் அப்பாவுக்கு வருத்தம் இல்லை. இனிப்புப் பெட்டியோடு எங்களையும் கூட்டிக்கொண்டு திறப்பு விழாவுக்குப் போனார். கடை வாசலில் பெரிய போர்டு. சுவரில் அப்படியே ஒட்டிக்கொள்ளும் பேட்டரி விளக்குகள் விற்கிற கடை அது. போர்டில் மூன்று வரிகள் இருந்தன. வயர் வேண்டாம். துளை வேண்டாம். எலக்ட்ரீஷியன் வேண்டாம்.

அப்பா மூன்றாவது வரியை இரண்டு தடவை படித்தார். இனிப்புப் பெட்டியோடு திரும்பி நடந்தார். அதை நாங்கள்தான் சாப்பிட்டோம். நன்றாக இருந்தது.

அதோடு பேச்சு நின்றது. இரண்டு வருஷமாக அப்பா ஒரு நாளைக்கு நாற்பது தடவை மச்சான் என்று சொல்கிறார், மச்சானிடம் மட்டும் சொல்வதில்லை.

அப்படியே ஓடியிருக்கும். சொந்த வீடு வந்து கெடுத்தது. கட்டி முடித்து, பெயிண்ட் அடித்து, குடிவந்தும் ஆயிற்று. சீலிங் விளக்குகள் எரிந்தன, மின்விசிறிகள் சுற்றின. சுவர்விளக்கு வரவேண்டிய இடங்களில் மட்டும் வயர்கள் நாக்கை நீட்டிக்கொண்டிருந்தன. காரணம் அம்மா.

இந்தத் தொழிலில் மற்ற எல்லாவற்றையும் டேப் வைத்து அளப்பார்கள். சுவர்விளக்கை மட்டும் ஓர் ஆளை வைத்து அளப்பார்கள். ஆள் முதுகைச் சுவரில் ஒட்டி, குதிகாலைச் சேர்த்து நிற்க வேண்டும். உச்சந்தலைக்கு மேல் ஒரு சாண் வைத்து அப்பா பென்சிலால் கோடு போடுவார். அங்கே விளக்கு. மாமா இருந்தவரை மாமா நின்றார். அவர் போன பிறகு யார் கிடைத்தார்களோ அவர்கள் நின்றார்கள். எங்கள் வீட்டில் அப்பா பென்சிலைக் காதிலிருந்து எடுத்ததும் அம்மா குறுக்கே வந்து நின்றாள்.

“ஊரான் வீட்டுல யார வேணா நிறுத்துங்க. இது என் வீடு. இந்தச் சுவத்துல என் தம்பி வந்து நின்னாத்தான் விளக்கு.”

“அப்படி ஒண்ணும் சட்டம் இல்ல.”

“இருந்துச்சு. நீங்க போட்டதுதான்.”

அதன் பிறகு அவள் அதைப் பற்றிப் பேசவே இல்லை. ஹாலில் நீட்டிக்கொண்டிருந்த வயரில் குடையை மாட்டினாள். இன்னொன்றில் காய்கறிப் பை. எலக்ட்ரிகல் காண்டிராக்டர் வீட்டு வயரில் காய்கறிப் பை தொங்குவதை அப்பா தினமும் காலையில் காபி குடித்துக்கொண்டே பார்த்தார்.

அப்போதுதான் அவருக்கு இந்த யோசனை வந்தது. மச்சான் என்று பெயர் இருப்பதால்தானே மச்சான் வந்து நிற்க வேண்டியிருக்கிறது? வேறு பெயர் வைத்துவிட்டால் டேப் போதும். பெயரை மாற்றினால் பிரச்சினை போய்விடும் என்று நம்புவது அரசாங்கங்களுக்கு மட்டும் உரிய குணம் அல்ல.

“இங்கிலீஷ்ல இதுக்கு என்னடா பேரு?”

“ஸ்கான்ஸ்.”

“நல்லாத்தானே இருக்கு. அர்த்தம் என்ன?”

நூலகத்துக்குப் போய் அகராதிகளைப் புரட்டிவிட்டு வந்தேன். “லத்தீன்ல ‘மறைச்சு வெச்சது’ன்னு அர்த்தம்பா. அது பிரெஞ்சுக்குப் போய், அங்கேர்ந்து இங்கிலீஷுக்கு வந்துச்சு. காத்துல அணையாம இருக்க சுடர மூடிக் கையில கொண்டுபோற விளக்கு. பின்னாடி விளக்கு சுவத்துக்குப் போயிருச்சு, பேரும் கூடவே போயிருச்சு.”

“சுவத்துல மாட்டுன பிறகும் மறைச்சு வெச்சதுன்னா சொல்றான்?”

“ஆமா.”

“விளக்க மறைச்சு வெச்சா வெளிச்சம் எப்படிடா வரும்? இவங்ககிட்டயா நாம இங்கிலீஷ் கத்துக்கிட்டோம்?”

“தமிழ்ல மாடவிளக்குன்னு ஒண்ணு இருக்குப்பா. சுவத்துல குழி விட்டு அதுக்குள்ள வைக்கிறது.”

“குழி கொத்தனார் வேலை. நமக்கு வேணாம்.”

“அப்ப சுவர்விளக்கு.”

அப்பா அதை வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். “சரியாத்தான் இருக்கு. ஆனா கூப்பிடற மாதிரி இல்லையே. பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி இருக்கு.”

கடைசியில் ஸ்கான்ஸே தேர்வானது. மறுநாள் சைட்டில் அப்பா ஆட்களைக் கூட்டி அறிவித்தார். அவருடைய மூத்த ஆளுக்கு, மட்டம் பார்க்கும் கருவியின் பெயரான ரசமட்டம் என்று பட்டப்பெயர். அவர் மாட்டிய எதுவும் நேராக இருந்ததில்லை என்பதால் வந்த பெயர். ரசமட்டம் எல்லாவற்றையும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். “ஸ்கான்ஸ். சரிண்ணே. இனிமே அப்படியே சொல்லிடறோம்” என்றார். பிறகு உள்ளே திரும்பிச் சத்தம் போட்டார்.

“டேய், வேன்லேர்ந்து நாலு ஸ்கான்ஸ் மச்சான் எடுத்துட்டு வா!”

ஸ்கான்ஸ் என்பது ஏதோ புதுக் கம்பெனியின் பெயர் என்று அவர்கள் முடிவு செய்துவிட்டார்கள். மதியத்துக்குள், பழைய மச்சானைவிட ஸ்கான்ஸ் மச்சான் வெயிட் அதிகம் என்ற கருத்தும் பரவியிருந்தது.

ஒரு சொல்லை ஒழிக்க வேண்டுமானால் முதலில் அதன் வேர் தெரிய வேண்டும் என்று நான் அப்பாவிடம் சொன்னேன். இது எந்தப் பாடத்திலும் இல்லை. ஆனால் அதைச் சொல்லிக்கொண்டு மாமா கடைக்குப் போகலாம். அப்பா கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். “வேருதானே? போய்ப் பாரு. ஆனா நான் அனுப்பினேன்னு சொல்லாத.”

முறைப்படி முதலில் ஆட்களிடம் விசாரித்தேன். “நாள் பூரா சுவத்துல சாஞ்சுக்கிட்டு சும்மா நிக்குது. மச்சான்னு சொல்லாம மகராஜான்னா சொல்லுவாங்க?” என்றார் ரசமட்டம். கோபத்துக்குப் பேர்போன ஃபியூஸ் அண்ணன், “வெளிச்சம் கொஞ்சம், அலங்காரம் ஜாஸ்தி. என் பொண்டாட்டியோட தம்பியும் அப்படித்தான்” என்றார். இரண்டுமே நல்ல கொள்கைகள். எங்கள் துறையில் இதைவிடக் குறைந்த ஆதாரத்தோடு முனைவர் பட்டம் வாங்கியிருக்கிறார்கள்.

மாமா கடை சின்னது. தரையிலிருந்து கூரை வரை ஒட்டு விளக்குகள். ஆள் அசைவைப் பார்த்து எரிகிற ரகம் எல்லாமே. நான் உள்ளே நுழைந்ததும் வரிசையாக எரிந்தன. நின்றதும் வரிசையாக அணைந்தன. அதனால் அங்கே பேசுகிறவர்கள் கையை ஆட்டிக்கொண்டே பேச வேண்டும். மாமாவுக்கு அது பழகிப்போயிருந்தது. அவர் என்னை வரவேற்றதை ரோட்டிலிருந்து பார்த்தவர்கள், என்னை அடிக்க வருகிறார் என்று நினைத்திருப்பார்கள்.

“வாடா வாடா! எவ்ளோ வளந்துட்டே! சாப்டியா?”

“மாமா, சுவர்லைட்டுக்கு மச்சான்னு ஏன் பேரு வந்துச்சு?”

“இதுக்கா வந்த?” கையை ஆட்டிக்கொண்டே சிரித்தார். “நான்தான்டா அது!”

அவர்கள் முதன்முதலாகச் சேர்ந்து எடுத்த வேலை ஒரு தலைமையாசிரியை அம்மாவின் வீடு. அந்தம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, வேலையைப் பரீட்சை ஹால் மாதிரி கண்காணித்தார். சுவர்விளக்கு மாட்டும் நேரம் வந்தது.

“அத்தான் டேப்ப கொண்டாருவாருன்னு நான் வந்துட்டேன். நான் கொண்டாருவேன்னு அவரு வந்துட்டாரு. பையத் தொறந்தா சாப்பாட்டு டப்பா ரெண்டு இருக்கு, ஸ்குரூ டிரைவர் இருக்கு, டேப்ப காணோம். அந்தம்மா ‘என்னப்பா, அளக்கலையா?’ன்னாங்க. எனக்கு ஒண்ணுக்கே வந்துருச்சு. உங்கப்பா இருக்காரே, முகத்துல ஒரு சின்ன மாத்தம் இல்ல. ‘டேப்பு சுவத்துக்குத்தாம்மா. விளக்கு மனுஷனுக்கு. அத மனுஷன வெச்சுத்தான் அளக்கணும், அதுதான் எங்க முறை’ன்னாரு. அப்படியே என் பக்கம் திரும்பி, ‘மச்சான், போய் நில்லு’ன்னாரு. போய் நின்னேன்.”

“அப்ப அது முறையே இல்லையா?”

“அன்னிலேர்ந்து முறைதான்! அந்தம்மா ஊரெல்லாம் சொல்லிட்டாங்க. அளந்து வைக்கிறவன்கூட ‘நீங்க ஆள நிறுத்த மாட்டீங்களா?’ன்னு திட்டு வாங்க ஆரம்பிச்சான். அவனவன் மச்சானத் தேட வேண்டியதாப் போச்சு. ‘இங்க ஒரு மச்சான நிறுத்து’ன்னு சொல்லிச் சொல்லி, கடைசியில விளக்கே மச்சானாயிருச்சு.”

லத்தீனுக்கு இவ்வளவு தெளிவான சாட்சி கிடைத்ததில்லை. நான் குறித்துக்கொள்ளக்கூட இல்லை, மறக்காது.

“அக்கா எப்படி இருக்கா?” என்று கேட்டார் மாமா.

வயரில் குடை தொங்குவதையும், அவர் வந்து நின்றால்தான் விளக்கு என்று அம்மா சொன்னதையும் சொன்னேன். மாமாவின் கை அசைவது நின்றுவிட்டது. விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. இருவரும் கொஞ்ச நேரம் இருட்டுக் கடையில் நின்றோம். ஒரு வாடிக்கையாளர் எட்டிப் பார்த்து, கடையை மூடிவிட்டார்கள் என்று நினைத்துப் போய்விட்டார்.

“அத்தான் ஒரு வார்த்தை கூப்பிடட்டும்டா” என்றார் இருட்டிலிருந்து. “கூப்பிடாத வீட்டுக்கு நான் எப்படி வந்து நிப்பேன்?”

பிறகு கையை ஆட்டினார். வெளிச்சம் வந்ததும் ஒரு விளக்கை எடுத்துக் கொடுத்தார். “அக்காகிட்ட குடு. அலமாரிக்கு உள்ள ஒட்டிக்கச் சொல்லு. உள்ள மட்டும். வெளிய ஒட்டினா அத்தான் வீட்ட விட்டுப் போயிடுவாரு.”

அன்று சாயங்காலம் அப்பா கேட்டார். “வேரு கெடச்சுதா?”

“கெடச்சுது. டேப்பு.”

அப்பா சுவரைப் பார்த்தார். “மறந்தது நான் இல்ல” என்றார்.

விளக்கை அம்மாவிடம் கொடுத்து, அலமாரிக்கு உள்ளே என்று மாமா சொன்னதையும் சொன்னேன். வாங்கி வைத்துக்கொண்டாள். மறுநாள் காலை அப்பா வேலைக்குக் கிளம்பும்போது பொதுவாக, யாரையும் பார்க்காமல் சொன்னார். “இன்னிக்கு வந்ததும் டேப்ப வெச்சு எல்லாத்தையும் மாட்டிடப் போறேன். அளவு அளவுதான்.” அம்மா தலையாட்டினாள். அவள் அவ்வளவு சுலபமாகத் தலையாட்டியபோதே அவர் யோசித்திருக்க வேண்டும்.

மாலையில் அப்பா கதவைத் திறந்து ஹாலுக்குள் கால் வைத்தார். எதிர்ச்சுவரின் நட்டநடுவில் ஒரு விளக்கு பளிச்சென்று எரிந்தது.

ஓர் அடி பின்னால் போனார். கொஞ்ச நேரத்தில் அணைந்தது. முன்னால் வந்தார். எரிந்தது. சுவருக்குப் பக்கத்தில் போய், விளக்குக்கு மேலேயும் கீழேயும் விரலால் தடவி வயரைத் தேடினார். இல்லை. அவருடைய வாழ்க்கையில் முதன்முறையாக, எங்கிருந்து வருகிறது என்று தெரியாத வெளிச்சத்தில் அவர் நின்றுகொண்டிருந்தார்.

“நல்லாத்தானே எரியுது?” என்றாள் அம்மா. “கொத்தவும் வேணாம், யாரையும் கூப்பிடவும் வேணாம். இன்னும் ஒரு டஜன் வாங்கி எல்லா இடத்துலயும் ஒட்டிடலாம்னு இருக்கேன்.”

“ரசமட்டம் வந்து பாத்தா என்ன நினைப்பான்?”

“நேரா இருக்குன்னு நினைப்பாரு.”

அப்பா விளக்கின் ஓரத்தில் நகத்தைக் கொடுத்து இழுத்துப் பார்த்தார். பெயிண்ட் லேசாகக் கிளம்பியது. உடனே கையை எடுத்துவிட்டார். சொந்த வீட்டுப் பெயிண்ட். அதைச் சேதமில்லாமல் எடுக்கத் தெரிந்தவர் ஊரில் ஒருவர்தான். அப்பா சோபாவில் உட்கார்ந்தார். எழுந்தார். விளக்கு அவரை ஒவ்வொரு தடவையும் கவனித்தது. கடைசியில் போனை எடுத்தார். எண்ணைத் தேடவில்லை, மனப்பாடமாக அழுத்தினார்.

“உன் விளக்கு ஒண்ணு என் சுவத்துல இருக்கு. வந்து எடுத்துட்டுப் போ.”

வைத்துவிட்டார். அம்மா உள்ளே போய் இன்னும் ஒருவருக்குச் சேர்த்துச் சமைக்கத் தொடங்கினாள்.

மாமா வந்த வேகத்தைப் பார்த்தால், போன் வரும்போதே வண்டியில்தான் உட்கார்ந்திருந்திருக்க வேண்டும். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே வரலாமா என்று கேட்காமலும் வராமலும் நின்றார்.

“உள்ள வா” என்றாள் அம்மா.

“எலக்ட்ரீஷியன் வேணாம்னியே” என்றார் அப்பா, சுவரைப் பார்த்து.

“அத்தான், அது கம்பெனிக்காரன் அடிச்சு அனுப்பின போர்டு. நான் படிக்கவே இல்ல.”

“படிக்காமலா மாட்டின?”

“மாட்டச் சொன்னாங்க, மாட்டினேன். நம்ம வேலையில எப்போ படிச்சுப் பாத்திருக்கோம்?”

உண்மை அது. மாமா, அம்மாவின் தையல் டப்பாவிலிருந்து நூல் எடுத்து, விளக்குக்குப் பின்னால் விட்டு, ரம்பம் மாதிரி இரண்டு பக்கமும் இழுத்தார். கன்னத்தைச் சுவரில் ஒட்டி ஒரு கண்ணால் உள்ளே பார்த்துக்கொண்டே அறுத்தார். விளக்கு கையோடு வந்தது. உள்ளங்கை அளவு பெயிண்டும் கூடவே வந்தது.

இருவரும் அந்த இடத்தைப் பார்த்தார்கள்.

“பெயிண்ட் இன்னும் சரியா காயல அத்தான்.”

“காயாத பெயிண்ட்ல எந்த முட்டாளாவது ஒட்டுவானா?”

“நான்தான் ஒட்டினேன்” என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது.

இருவரும் ஒரே நேரத்தில் வாயை மூடிக்கொண்டார்கள். அதில் இன்னும் பழைய ஒத்துழைப்பு இருந்தது. அம்மா வெளியே வரும் சத்தம் கேட்டதும், மாமா சட்டென்று திரும்பி, பெயிண்ட் போன இடத்தை முதுகால் மறைத்துச் சுவரோடு சேர்ந்து நின்றார்.

அப்பாவின் கை தானாகக் காதுக்குப் போனது. பென்சில் அங்கேதான் இருந்தது.

“அசையாத.”

“என்ன அத்தான்?”

“அசையாதன்னா அசையாத. குதிகால ஒட்டு.”

மாமா குதிகாலை ஒட்டினார். அப்பா அவர் உச்சந்தலையில் கட்டைவிரலை ஊன்றிச் சாண் விரித்தார். உடனே புருவத்தைச் சுருக்கினார்.

“நிமிந்து நில்லுடா.”

“நிமிந்துதான் நிக்கிறேன்.”

“முன்ன இதவிட உசரமா இருந்தியே.”

“நாள் பூரா கடையில உக்காந்தே இருக்கேன்ல.”

“ஒட்டி ஒட்டி வித்து ஆளே அமுங்கிப் போயிட்ட” என்று சொல்லிக் கோடு போட்டார் அப்பா.

அம்மா சமையலறை வாசலில் நின்று பார்த்தாள். கரண்டியை வைத்திருந்த கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மிளகாய் நறுக்கிய கையாக இருக்கும். பிறகு வயர்களில் தொங்கியவற்றை ஒவ்வொன்றாக எடுத்தாள்.

அதன் பிறகு நடந்ததை மொழியியல் விளக்காது. அப்பா மாமாவை வீட்டின் எல்லாச் சுவர்களிலும் நிறுத்தினார். ஹாலின் நான்கு சுவர்களிலும் நிறுத்தினார். மாடிப்படியில் கீழே ஒரு தடவை, நடுவில் ஒரு தடவை நிறுத்தினார். பாத்ரூம் கண்ணாடிக்கு மேலே வரும் குட்டி விளக்குக்கு ஆளே தேவையில்லை, கண்ணாடியின் விளிம்பு போதும், அங்கேயும் நிறுத்தினார். ஒரு படுக்கையறையில் கோடு சரியில்லை என்று அழித்துவிட்டு மறுபடி நிறுத்தினார். மாமா ஒவ்வோர் இடத்திலும் குதிகாலை ஒட்டி, மூச்சைப் பிடித்து, போட்டோவுக்கு நிற்பது போல நின்றார். அப்பாவின் சட்டைப் பையில் டேப் புடைத்துக்கொண்டு தெரிந்தது. முதல் கோட்டைத் தரையிலிருந்து அளந்திருந்தால் மற்றவற்றை ஐந்து நிமிஷத்தில் முடித்திருக்கலாம். நான் சொல்லவில்லை. மாமாவும் அதைப் பார்த்தார். அவரும் சொல்லவில்லை.

சாப்பாட்டுக்கு முன்னால் ஹால் விளக்குகள் நான்கும் மாட்டியாகிவிட்டன. அப்பா ஏணி மேல், மாமா ஏணிக்குக் கீழ். ஸ்விட்சை அம்மா போட்டாள். சுவரில் மஞ்சள் வெளிச்சம் மேலேயும் கீழேயும் வழிந்தது. பெயிண்ட் போன இடம் அதில் இன்னும் தெளிவாகத் தெரிந்தது.

சாப்பிடும்போது அப்பா தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “நாளைக்குக் காலைல சைட்டுக்கு வந்துடு. ஓட்டல் ஒண்ணு கட்டறாங்க. தாழ்வாரம் பூரா மச்சான்தான். ரசமட்டத்த நிறுத்தினா தாழ்வாரமே சாஞ்சு போயிடும்.”

“கடைய யாரு பாக்கறது அத்தான்?”

“எல்லாம் ஒட்டி வெச்சதுதானே. எங்க போயிடப் போகுது?”

மாமா சாப்பிடுவதை நிறுத்தி யோசித்தார். அவருக்குப் பொய் சொல்ல வராது.

“ராத்திரில சில சமயம் விழுந்துடும்” என்றார்.

அப்பா இரண்டு வருஷமாக இந்த ஒரு வாக்கியத்துக்குத்தான் காத்திருந்தார் என்று நினைக்கிறேன். முகத்தில் ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. தண்ணீரை எடுத்துக் குடித்தார். நிதானமாக டம்ளரை வைத்தார்.

“இவனுக்கு இன்னும் கொஞ்சம் போடு” என்றார் அம்மாவிடம்.